புல்லியை மாற்றுவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள்

வாசகரின் கடிதம்

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட 29 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா 2004ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய மினி கூப்பர் எஸ் கார் இப்போது இவர் கையில் இருக்கிறது. 1.6 லிட்டர் இன்ஜின், அதற்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜர், ஆறு கியர். ஓடிய தூரம் 1,62,000 கிலோமீட்டர். அப்பா காலமான பிறகு இரண்டு ஆண்டுகள் கொட்டகையில் நின்ற காரை, பேட்டரியும் இன்ஜின் ஆயிலும் மாற்றி மீண்டும் ஓட வைத்திருக்கிறார். குறைவேகத்தில் போகும்போது கார் குலுங்குகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

உடன் வேலை செய்பவர் வைத்திருக்கும் புதிய டர்போ கார் இவரை எளிதாக முந்திவிடுகிறது. அது மனத்தில் தைக்கிறது. மூன்று மாதத்தில் பந்தயத் தடம் ஒன்றில் பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள் வருகிறது. அதற்குள் 163 குதிரைத்திறனை 230 ஆக்க வேண்டும் என்பது ஆசை. நண்பர் ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்: 19 சதவீதம் சிறிய புல்லி (சூப்பர்சார்ஜரைச் சுற்றும் பெல்ட் சக்கரம்), திறந்த ஏர் ஃபில்டர், பைபாஸ் வால்வை அடைத்துவிடுவது, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடுவது. "மீதியை இன்ஜின் கணினி தானே சரிசெய்துகொள்ளும்" என்கிறாராம் நண்பர். அம்மாவோ, "அப்பா ஓட்டியதுபோலவே இருக்கட்டும்" என்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் மூன்று செய்திகள் இருக்கின்றன. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரை மாதத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. இன்ஜின் சும்மா ஓடும்போது சூப்பர்சார்ஜர் பக்கம் லேசாகக் கடகடக்கிறது. அப்பா ஒழுங்காக எழுதிவந்த பராமரிப்புக் குறிப்பேட்டில் சூப்பர்சார்ஜர் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. "அது ஆயுளுக்கும் போதுமான ஆயில் என்பதால் பிரச்சினை இல்லைதானே, ஐயா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

என் பதில்

தம்பி, உங்கள் கடிதத்தை நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது. 230 குதிரைத்திறனைப் பற்றி நிறையப் பேசலாம், பேசுவோம். ஆனால் அந்த மூன்று செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால், இன்று மாலை நீங்கள் அந்தக் காரை எடுத்து முழு ஆக்ஸிலரேட்டரில் மிதிக்கக் கூடாது என்பதே என் முதல் பதில்.

காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் காரில் தண்ணீரைச் சுழற்றும் வாட்டர் பம்ப்புக்குத் தனியாக பெல்ட் கிடையாது. சூப்பர்சார்ஜரின் பின்பக்கத்தில் ஒரு பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. அதுதான் வாட்டர் பம்ப்பைச் சுற்றுகிறது. சூப்பர்சார்ஜருக்குள் ஆயில் இருக்கும் அறைகள் இரண்டு. முன்பக்க அறையில், காற்றைத் தள்ளும் இரண்டு ரோட்டர்களையும் (சுழலும் உருளைகள்) ஒன்றோடொன்று உரசாமல் ஓட வைக்கும் பல்சக்கரங்கள் இருக்கின்றன. பின்பக்க அறையில் நான் சொன்ன வாட்டர் பம்ப் பல்சக்கரங்கள். இரண்டிலும் இருக்கும் ஆயில் மிகக் குறைவு. இன்ஜின் ஆயிலோடு அதற்குத் தொடர்பே இல்லை. நீங்கள் இன்ஜின் ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் இந்த ஆயில் மாறாது.

"ஆயுளுக்கும் போதும்" என்று தயாரிப்பாளர் சொன்னது உண்மை. ஆனால் அவர்கள் நினைத்த ஆயுளும் நீங்கள் அந்தக் காரிடம் எதிர்பார்க்கும் ஆயுளும் வேறு வேறு. இருபது ஆண்டு பழைய சூப்பர்சார்ஜரைப் பிரித்தால், பின் அறையில் பெரும்பாலும் கறுத்துக் குழம்பான மிச்சம்தான் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. ஆயில் வற்றிய பல்சக்கரம் தேயும், தேய்ந்தால் கடகடக்கும், முற்றிலும் தேய்ந்தால் ஒரு நாள் வாட்டர் பம்ப் நின்றுவிடும். சூப்பர்சார்ஜர் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கார் இழுத்துக்கொண்டே இருக்கும், தண்ணீர் மட்டும் அசையாமல் நிற்கும். அலுமினிய சிலிண்டர் ஹெட் அதைத் தாங்காது.

இப்படி ஒரு கார் என் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. இரண்டு வாரம் முன்புதான் அதற்குச் சிறிய புல்லி போட்டிருந்தார்கள். போட்டவர் கைத்தேர்ந்தவர்தான், புல்லியை ஒழுங்காகத்தான் பொருத்தியிருந்தார். பின்பக்க ஆயிலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், இரண்டு சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருந்தது. கார்க்காரர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "கூடுதல் சக்தியை இன்ஜின் தாங்கவில்லையா?" இன்ஜின் தாங்கியிருக்கும். ஒரு தம்ளர்கூடத் தேறாத ஆயில் இல்லாததுதான் கொன்றது.

ஆகவே முதல் வேலை: கூலன்ட் எங்கே போகிறது என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்தக் காரில் பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டி ஒட்டுவாயில் விரிசல் விடுவதும், தெர்மோஸ்டாட் உறை கசிவதும் வழக்கம். அவை என்றால் எளிதில் தீரும். வெளியே கசிவே தெரியவில்லை என்றால், கூலன்ட்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ரசாயனச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பிறகு சூப்பர்சார்ஜரைக் கழற்றி இரண்டு அறைகளையும் திறக்க வேண்டும். அதற்கு காரின் முன்பகுதியை முன்னால் நகர்த்தியாக வேண்டும். ஒரு நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்சக்கரம் நன்றாக இருந்தால் சூப்பர்சார்ஜருக்கு உரிய செயற்கை ஆயிலை அளவாக ஊற்றி, முன்பக்க சீலையும் வாட்டர் பம்ப்பையும் அப்போதே மாற்றிவிடுங்கள். தேய்ந்திருந்தால் பழுதுபார்த்த சூப்பர்சார்ஜர்தான் வழி. எப்படியும் அது வெளியே வந்திருக்கும் அந்த நாளே, புல்லி மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யச் சரியான நாள்.

இப்போது உங்களிடம் 163 இருக்கிறதா?

நண்பரின் கணக்கு 163இல் தொடங்குகிறது. அது தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்த எண். உங்கள் கார் இன்று 163 தருகிறது என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். நீங்கள் எழுதியிருக்கும் குறைவேகக் குலுக்கலே அதற்குச் சாட்சி.

சூப்பர்சார்ஜர் அழுத்திய காற்று, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய்த் திரும்பும் வழியில் இரண்டு ரப்பர் இணைப்புகள் இருக்கின்றன. இருபது ஆண்டில் ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது பிடிப்பு தளர்ந்திருக்கும். அழுத்தம் அங்கேயே வெளியேறிவிடும். பைபாஸ் வால்வின் உதரவிதானம் ஓட்டையாகிவிட்டாலோ அதன் சுழல்தண்டு தேய்ந்துவிட்டாலோ, மூடவேண்டிய நேரத்தில் முழுதாக மூடாது. அழுத்திய காற்று மறுபடி உள்வாயிலுக்கே திரும்பிப் போகும். இன்டர்கூலரின் துடுப்புகள் பூச்சியும் தூசியும் அடைத்து, உள்ளே இன்ஜின் மூச்சுக்குழாய் வழியாக வந்த ஆயில் பூசிக் கிடக்கும். பெல்ட் இறுக்கி தன் பலத்தை இழந்திருந்தால் பெல்ட் வழுக்கும். கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் அதிர்வுத் தணிப்பான் புல்லியில், இரண்டு இரும்பு வளையங்களுக்கு இடையே ஒரு ரப்பர் இருக்கிறது. இந்தக் காரில் அது பிய்ந்துவருவது பலரும் பார்த்த கோளாறு. பிய்ந்தால் வெளிவளையம் தனியாக வழுக்கும், பெல்ட் அறுந்தும் போகலாம். சிறிய புல்லி போட்டால் பெல்ட்டின் சுமை கூடும் என்பதால் இதை முதலில் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சரிசெய்வதால் கிடைப்பது "கூடுதல்" சக்தி என்று யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் ஓட்டுகிறவருக்கு அதுதான் மிகப் பெரிய வித்தியாசமாகத் தெரியும். நான் மனதாரச் சொல்கிறேன்: பழைய சூப்பர்சார்ஜர் காருக்கு நான் செய்த வேலைகளில், உரிமையாளர் ஓட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து இறங்கியது பெரும்பாலும் இந்தப் பழுது நீக்கத்துக்குப் பிறகுதான்.

நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும், அதாவது பிஸ்டன் மேலேறும்போது உள்ளே உண்டாகும் அழுத்தத்தையும், அளந்து எழுதிவையுங்கள். எண்ணைவிட, நான்கும் ஒத்திருப்பது முக்கியம். ஒன்று மற்றவற்றைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் குறைந்தால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள். அந்த இன்ஜினுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும் பேச்சே வேண்டாம். எல்லாம் சரியென்றால் குதிரைத்திறனை அளக்கும் டைனோ மேடையில் ஏற்றி அளந்துகொள்ளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: 163 என்பது இன்ஜினில் அளந்தது. கியர்பாக்ஸ் முதலியவற்றில் ஒரு பங்கு போய்விடுவதால் சக்கரத்தில் அளந்தால் 135, 140 வந்தாலே நல்ல ஆரோக்கியம். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். நண்பர் சொல்லும் 230 எங்கே அளந்தது, எந்த மேடையில் அளந்தது என்றும் கேளுங்கள்.

புல்லி என்ன செய்கிறது

சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறிதாக்கினால் அதே இன்ஜின் வேகத்தில் ரோட்டர் அதிகம் சுற்றும். 15 சதவீதம் சிறிய புல்லி என்றால் 15 சதவீதம் கூடுதல் வேகம் என்று பலரும் நினைக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள்: 1ஐ 0.85ஆல் வகுத்தால் 1.176. அதாவது 17.6 சதவீதம். நண்பர் சொல்லும் 19 சதவீதப் புல்லியில் அது 23 சதவீதத்தைத் தாண்டுகிறது. அப்பாவின் காரில் இருக்கும், ஈட்டன் நிறுவனத்தின் எம்45 சூப்பர்சார்ஜர் தொழிற்சாலை அமைப்பிலேயே இன்ஜினைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. அதன்மேல் இன்னொரு கால் பங்கு என்பது அதன் பேரிங்குகளுக்குச் சிறிய விஷயமில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் சூடு. எம்45 ரூட்ஸ் வகை. 1860களில் அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற ஊதுகருவியின் வழிவந்தது. இந்த வகை தனக்குள் காற்றை அழுத்துவதில்லை. அள்ளி அள்ளி எதிர்ப்பக்கம் கொட்டுகிறது. அங்கே ஏற்கெனவே நெருக்கடியாக நிற்கும் காற்று திரும்பி மோதும்போதுதான் அழுத்தம் உண்டாகிறது. அந்த மோதலில் வீணாகும் உழைப்பெல்லாம் சூடாக மாறுகிறது.

ஒரு தோராயக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 27 பாகை செல்சியஸ் காற்று உள்ளே போகிறது, வளிமண்டலத்தைப்போல் 1.8 மடங்கு அழுத்தத்தில் வெளியே வருகிறது, சூப்பர்சார்ஜரின் திறன் 55 சதவீதம் என்று வையுங்கள். வெளியே வரும் காற்று ஏறக்குறைய 127 பாகை. அந்தச் சூட்டை உண்டாக்கவே இன்ஜின் பெல்ட் வழியாகச் சுமார் 20 குதிரைத்திறனைக் கொடுக்கிறது. இப்போது புல்லியைச் சிறிதாக்கி அழுத்தத்தை 2.1 மடங்காக்கினால், வேகம் கூடிய அளவுக்குத் திறனும் 50 சதவீதத்துக்கு இறங்கினால், வெளியேறும் காற்று 165 பாகையைத் தாண்டும். அதற்கு இன்ஜின் கொடுக்கும் விலை 30 குதிரைத்திறனை நெருங்கும். பானட்டுக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன இன்டர்கூலர் இதையெல்லாம் குளிர்விக்க வேண்டும். அது இன்ஜினுக்கு நேர் மேலேயே உட்கார்ந்திருப்பதால், போக்குவரத்தில் நின்று கிளம்பும்போது தானே சூடேறிப் போயிருக்கும்.

உள்ளே போகும் காற்று ஒவ்வொரு பத்து பாகை சூடாகும்போதும் அதன் அடர்த்தி மூன்று சதவீதம்வரை குறைகிறது. அடர்த்தி குறைந்தால் சக்தி குறையும். அத்துடன் நாக்கிங் வரும். அதாவது, தீப்பொறி மூட்டிய தீ வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். இன்ஜின் கணினி அதை உணர்ந்து தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அப்படித் தள்ளும்போது நீங்கள் புல்லியால் பெற்றதைக் கணினி திரும்ப எடுத்துக்கொள்கிறது. முதல் ஓட்டத்தில் பறந்த கார் நான்காவது ஓட்டத்தில் சோர்ந்துபோவதாகச் சிலர் சொல்வது இதனால்தான்.

அழுத்தமானி பற்றியும் ஒரு வார்த்தை. "அழுத்தம் கூடினால் சக்தி கூடும்" என்று கடிதத்தில் உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். மானி காட்டுவது உள்ளே போன காற்றை அல்ல. உள்ளே போக வழியில்லாமல் காத்துநிற்கும் காற்றை. சிலிண்டர் ஹெட்டின் வழிகளை அகலமாக்கினால், அதே புல்லியில் மானியின் முள் இறங்கும், சக்தி ஏறும்.

தொழிற்சாலை எவ்வளவு உழைத்தது?

இதே இன்ஜினிலிருந்து அதிக சக்தி எடுக்க, இந்தக் காரைச் செய்தவர்களே முயன்றிருக்கிறார்கள். ஜான் கூப்பர் வொர்க்ஸ் என்ற பெயரில் வந்த தொகுப்பு முதலில் 200 குதிரைத்திறன் தந்தது. அதற்காக வேறு சிலிண்டர் ஹெட், பூச்சிட்ட ரோட்டர்களும் சிறிய புல்லியும் கொண்ட சூப்பர்சார்ஜர், வேறு சைலன்சர், புதிய கணினி நிரல் எல்லாம் கொடுத்தார்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைப் பெரிதாக்கிப் பின்னர் 210 ஆக்கினார்கள். 2006இல் 2,000 கார்கள் மட்டும் செய்த ஜிபி பதிப்பில் இன்டர்கூலரையும் பெரிதாக்கி 218 எட்டினார்கள். தயாரிப்பாளர் தன் முழு ஆய்வுக்கூடத்தோடு உட்கார்ந்து 55 குதிரைத்திறன் கூட்டியிருக்கிறார். நண்பர் ஒரு புல்லியையும் ஒரு ஃபில்டரையும் வைத்து 67 கூட்டுவதாகச் சொல்கிறார்.

230 முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எம்45க்குப் பதிலாக ஈட்டனின் பிந்தைய டிவிஎஸ் (ட்வின் வார்டிசஸ் சீரீஸ்) வகைச் சூப்பர்சார்ஜரைப் பொருத்தி அதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அதில் ரோட்டருக்கு மூன்றுக்குப் பதில் நான்கு இதழ்கள், முறுக்கும் அதிகம், ஆகவே சூடு குறைவு. ஆனால் அதனோடு ஹெட், இன்ஜெக்டர், கிளட்ச், நிரல் என்று ஒரு வரிசையே வரும். அது மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய வேலையுமில்லை, 1,62,000 கிலோமீட்டர் ஓடிய இன்ஜினைத் திறந்து பார்க்காமல் செய்ய வேண்டிய வேலையுமில்லை.

நண்பரின் பட்டியல்

நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் ஒவ்வொன்றையும் பார்த்துவிடுவோம்.

பைபாஸ் வால்வை அடைப்பது: வேண்டவே வேண்டாம். நீங்கள் நிதானமாக ஓட்டும்போது காற்றைச் சுற்றிவிட்டு, சூப்பர்சார்ஜரைச் சுமையில்லாமல் ஓட வைப்பது அதுதான். அடைத்தால் எந்நேரமும் சூடு, எந்நேரமும் கூடுதல் பெட்ரோல், குறைவேகக் குலுக்கல் இன்னும் மோசம். முழு மிதியில் அந்த வால்வு எப்படியும் மூடித்தான் இருக்கும் என்பதால், கிடைக்கும் லாபம் எதுவுமில்லை. பழையது சரியாக மூடவில்லையென்றால் புதியதை மாற்றுங்கள்.

திறந்த ஏர் ஃபில்டர்: சத்தம் நன்றாக இருக்கும். சூப்பர்சார்ஜரின் அந்த ஊளை தெளிவாகக் கேட்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்ஜின் அறையின் சூடான காற்றை உறிஞ்சுமாறு அமைத்தால் நட்டம். மேலே போட்ட கணக்கில் 27க்குப் பதில் 50 பாகை காற்று உள்ளே போனால், வெளியே வருவது 127 இல்லை, 157. வெளிக்காற்று வரும் வழியோடு மூடிய பெட்டியாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுப்பது: பொதுச்சாலையில் ஓடும் காரில் அது பெரும்பாலான நாடுகளில் சட்ட மீறல். புகைச் சோதனையில் தோற்கும், காரை விற்கும்போதும் சிக்கல். அடைத்துக்கொண்ட பழைய கன்வெர்ட்டரைத் தரமான புதியதாக மாற்றினாலே இழந்த மூச்சு திரும்பிவிடும். எடுத்தெறிய வேண்டிய தேவையில்லை. பின்னால் வரும் வண்டிக்காரர் குழந்தையோடு போகிறவராக இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கணினி தானே சரிசெய்துகொள்ளும் என்பது: இதுதான் பட்டியலிலேயே ஆபத்தான வரி. தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளவும், நிதானமான ஓட்டத்தில் பெட்ரோல் கலவையைச் சிறிது திருத்தவும் கணினியால் முடியும். முழு மிதியில், இன்ஜெக்டர் தன் முழு நேரமும் திறந்தேயிருக்கும் நிலையில், இல்லாத பெட்ரோலை அது எங்கிருந்து கொண்டுவரும்? காற்று கூடி, பெட்ரோல் கூடாமல் போனால் கலவை வறளும். வறண்ட கலவையும் சூடான காற்றும் உயர் அழுத்தமும் சேர்ந்தால் பிஸ்டன் உருகும். முழுச் சுமையில் காற்று பெட்ரோலைப்போல் எடையில் 12 மடங்கு, அதற்குச் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். அதை அகல அளவீட்டு ஆக்ஸிஜன் சென்சார் வைத்து, டைனோவில் அளந்தே நம்ப வேண்டும்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

முதலாவது, பழுது நீக்கி அப்பா ஓட்டியதுபோலவே வைத்திருப்பது. அம்மா சொல்வதும் இதுதான். இதில் எந்தக் குறையும் இல்லை. அந்தக் கார் 1,100 கிலோவைச் சற்றே தாண்டும் எடைகொண்டது. ஆரோக்கியமான 163 குதிரைத்திறன் அதை இன்றும் உற்சாகமாக இழுக்கும்.

இரண்டாவது, 15 சதவீதப் புல்லி, அதற்கேற்ற சற்றுக் குட்டையான பெல்ட், ஒரு படி குளிர்ந்த வகை ஸ்பார்க் பிளக், நல்ல இன்டர்கூலர், கடைசியாக உங்கள் காரையே மேடையில் ஏற்றி எழுதும் நிரல். புல்லியும் பிளக்கும் மட்டும் 10 முதல் 15 குதிரைத்திறன் தருவதைப் பார்த்திருக்கிறேன். இன்டர்கூலர், நிமிடத்துக்கு 380 சிசி பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், நிரல் மூன்றும் சேர்ந்தால் 200ஐ நெருங்கலாம். இன்டர்கூலரை முதலில் போடுங்கள், புல்லியைப் பிறகு போடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். குளிர்ந்த காற்றுக்கு இன்ஜின் எந்த விலையும் கொடுப்பதில்லை. வேகமான ரோட்டருக்குக் கொடுக்கிறது. புல்லி, தண்டில் இறுக்கி ஏற்றப்பட்டது. அதற்குரிய கருவியால் இழுத்தே கழற்ற வேண்டும். சுத்தியலை எடுக்கிற பட்டறையிலிருந்து காரை வெளியே ஓட்டி வந்துவிடுங்கள்.

மூன்றாவது, நான் சொன்ன டிவிஎஸ் வழி. ஓராண்டுத் திட்டமாக, இன்ஜினை முழுக்கத் திறந்து செய்வதாக இருந்தால் மட்டும்.

என்னைக் கேட்டால் முதல் வழியில் தொடங்கி, ஆறு மாதம் ஓட்டிவிட்டு, கூலன்ட் ஒரு துளியும் குறையவில்லை என்று உறுதியான பிறகு இரண்டாவதுக்குப் போகச் சொல்வேன். 19 சதவீதப் புல்லி எந்த வழியிலும் இல்லை. உயர் ஆக்டேன் பெட்ரோல் எல்லா வழியிலும் உண்டு.

பட்டறையிலும் காப்பீட்டிலும்

நீங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது பற்றி ஒன்றுமே எழுதவில்லை. சக்தியைக் கூட்டும் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த அன்று இழப்பீட்டை மறுக்க நீங்களே அவர்களுக்குக் காரணம் கொடுத்ததாகிவிடும். எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். பந்தயத் தடத்தில் நடப்பதைச் சாலைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். உங்கள் நாட்டுப் பதிவு விதியில் இன்ஜின் மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் வேலை தொடங்கும் முன் என்னென்ன செய்வார்கள் என்பதை எழுதி வாங்குவது உங்கள் உரிமை. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். காரில் இப்போது இருக்கும் மூல நிரலைச் சேமித்து உங்களிடம் ஒரு பிரதி தரச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே மேடையில், முடிந்தவரை ஒரே வெப்பநிலையில் அளந்த தாளைக் கேளுங்கள். நேர்மையான பட்டறை இதில் எதற்கும் முகம் சுளிக்காது.

அம்மாவும் அந்த டர்போ காரும்

அம்மா சொன்னதற்குள் இன்னொரு பொருள் இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. கார் மாறிவிடும் என்பதைவிட, நீங்கள் அதில் வேகமாகப் போவீர்கள் என்ற பயம் அவருக்கு அதிகமாக இருக்கலாம். அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். முதலில் செய்யப்போவது ஆயிலும் கூலன்ட்டும் பிரேக்கும்தான் என்று சொன்னால் அவர் தடுப்பாரென்று நான் நினைக்கவில்லை.

உடன் வேலை செய்பவரின் புதிய டர்போ கார் நேர்ச்சாலையில் உங்களை முந்தும். 200 குதிரைத்திறன் வந்த பிறகும் முந்தக்கூடும். புகைக்காற்றிலிருந்து ஓசியாகச் சுற்றும் டர்போவோடு, பெல்ட்டில் இன்ஜினையே உறிஞ்சிச் சுற்றும் சூப்பர்சார்ஜர் போட்டி போடுவது கடினம். ஆனால் மிதித்த நொடியில் காத்திராமல் வரும் அந்த இழுப்பும், வளைவுகளில் அந்தச் சிறிய கார் திரும்பும் விதமும் உங்களுடையவை. அவற்றைப் பெறுவதற்குப் புல்லியைவிட டயரும் பிரேக்கும் உதவும்.

அந்தத் தட நாளுக்கு நீங்கள் போகலாம், போகத்தான் வேண்டும். சூப்பர்சார்ஜர் வேலை முடிந்து, கூலன்ட் குறைவது நின்றிருந்தால், இருக்கிற சக்தியோடு போங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். இரண்டு ஆண்டு நின்ற காரில் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. புதிதாக ஊற்றிவிட்டுப் போங்கள். மூன்று நான்கு சுற்று வேகமாக ஓட்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தும்போது கைப்பிரேக்கைப் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பானட்டைத் திறந்து வைத்து இன்டர்கூலரின் சூடு இறங்க நேரம் கொடுங்கள். கூலன்ட் தொட்டியின் மூடியை மட்டும் இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். அளவைக் காலையில் குறித்துக்கொண்டு, வீடு திரும்பிய மறுநாள் காலையில் மீண்டும் பார்த்து, இரண்டையும் கம்ப்ரஷன் எண்களோடு எனக்கு எழுதுங்கள். இன்டர்கூலரா, புல்லியா என்பதை அப்போது பேசுவோம்.